எலுமிச்சம்பழமும் மன்னரும்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டு மன்னருக்குத் தம் எடைமேல் தீராத பெருமை. பிறந்தநாள்தோறும் துலாபாரத்தில் ஏறி அமர்ந்து, மறுதட்டில் நெல் மூட்டைகள் ஏறுவதை எண்ணி மகிழ்வார். அந்த ஆண்டு ஒரு மூட்டை குறைந்துவிட்டது. மன்னருக்குச் சோறு இறங்கவில்லை.

பிரதானி கோனேரி இந்த வாய்ப்பை விடுவாரா? "மன்னா, கனமானதெல்லாம் கீழே போகிறது. ஆகவே பூமியின் நடுதான் கனத்தின் இருப்பிடம். அதுவரை குழி வெட்டித் துலாபாரம் வைத்தால் தாங்கள் மலைபோல் கனப்பீர்கள்" என்றார். ஆமாம் சாமி போடுகிறவர்களுக்கா அரண்மனையில் பஞ்சம்? மறுநாளே கிணறு வெட்டுகிறவர்கள் அறுபது பேரைக் குழியில் இறக்கினார்கள்.

மண் சரிந்து மூன்று பேர் செத்தார்கள். அப்போதும் குழி வெட்டுவதை நிறுத்தவில்லை. விகடகவி அம்பலத்தாடியின் மைத்துனன் மாரப்பன் இன்னும் உள்ளே வெட்டிக்கொண்டிருந்தான். சிரிக்க வைப்பதுதான் அம்பலத்தாடியின் பிழைப்பு. அன்றோ பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு சபைக்குள் நுழைந்தான்.

"மன்னா, பூமியின் நடுவில் தங்களுக்கு எடையே இராது!"

கோனேரி துள்ளி எழுந்தார். "மன்னரை எடையற்றவர் என்கிறான்! அங்கே போகாமலே இவன் மாலைக்குள் மெய்ப்பிக்கட்டும். இல்லையேல் இவனும் குழியில் இறங்கட்டும்!"

மன்னர் தலையசைத்தார்.

"நல்லது. வெட்டுகிறவர்கள் எல்லோரும் மேலே வரட்டும். அவர்கள் எனக்கு வேண்டும்" என்றான் அம்பலத்தாடி.

மன்னர் பார்த்திருக்க, குழியை விட்டுத் தள்ளிச் சமதரையில் கோனேரியை நிறுத்தி, இடுப்பில் எட்டு வடம் கட்டினான். எட்டுத் திசையிலும் சம எண்ணிக்கையில் ஆட்கள். "இழுங்களடா!" கூட வேலை செய்தவர்களைப் பறிகொடுத்தவர்கள் சும்மா இழுப்பார்களா? கோனேரிக்கு விழி பிதுங்கியது. ஆனால் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"இவர்கள்தான் மண் என்று வைத்துக்கொள்ளுங்கள், மன்னா. பூமியின் நடுவில் நிற்பவரைச் சுற்றிலும் மண். எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இழுத்தால் எந்தப் பக்கம் விழுவார்? மாரப்பா, உன் பக்கத்து ஆட்கள் விடட்டும்!"

விட்டார்கள். கோனேரி எதிர்ப்பக்கம் புழுதியில் உருண்டார்.

"நாம் நிற்பது இப்படி. மண் முழுவதும் காலடியில். ஒரே பக்கமாக இழுக்கிறது, அதுதான் எடை."

"நடுவில் துலாபாரம் வைத்தால்?" மன்னரின் குரல் இறங்கியிருந்தது.

"ஒரு தட்டில் தாங்கள், மறுதட்டில் ஓர் எலுமிச்சம்பழம். தராசு அசையாது. மன்னரும் எலுமிச்சம்பழமும் சமம் என்று முரசு அறையலாம். இதற்காகவா மூன்று பேர் செத்தார்கள்?"

கடைசி வார்த்தைகளை அவன் கத்தியே விட்டான். மன்னரின் கை வாளுக்குப் போயிற்று. அப்போது வாயெல்லாம் புழுதியாய், வடத்தில் சிக்கித் தவழ்ந்து வந்த கோனேரி கண்ணில் பட்டார். மன்னர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

"எலுமிச்சம்பழமா நான்! கேளடா, என்ன பரிசு வேண்டும்?"

"துலாபார நெல் அந்த மூன்று வீடுகளுக்குப் போகட்டும். குழியைப் பிரதானியாரே மூடட்டும்."

"அப்படியே ஆகட்டும்!"

மறுநாள் மண்கூடையைத் தலையில் சுமந்த கோனேரி, "கனக்கிறதே, அம்பலத்தாடி!" என்று முனகினார்.

"கனக்கத்தான் செய்யும், பிரதானியாரே. பாரம் தெரியாதது நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான்."

குழியருகே சிம்மாசனம் போட்டு வேடிக்கை பார்த்திருந்த மன்னருக்கும் அது கேட்டது. மறுபடியும் சிரித்து முத்துமாலையை வீசினார். அம்பலத்தாடி மாலையைப் பிடித்துக்கொண்டான்; சிரிக்கவில்லை.