கேடயத்தைக் கழற்றாத தேரை

அந்தக் காலத்தில், ஜெர்மனி தேசத்து விலங்குகளும் பறவைகளும் மனிதரோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, ஆமை என்று ஒன்று கிடையாது. வில்மா என்ற தேரைதான் இருந்தாள். பெற்ற பிள்ளைகள் ஏழு. ஆறு பேரை நாரை தின்றுவிட்டது, பாவி. மிச்சம் கடைக்குட்டி ஒருத்திதான்.

நாரையின் கூடு, கேடயம் செய்யும் குன்டர் வீட்டுக் கூரைமேல் இருந்தது. நாரை கூடு கட்டிய வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று அந்த ஊரில் யாரும் அதை ‘ச்சூ’ என்றுகூட விரட்டமாட்டார்கள். நல்ல வழக்கம் போங்கள்!

வில்மா பட்டறை வாசலில் போய் நின்றாள். "ஐயா, அந்த நாரையை விரட்டிவிடுங்க."

"ஐயையோ! அது வந்தப்புறம்தாம்மா எங்க வீட்டுல ஒழுங்கா அடுப்பு எரியுது," என்றார் குன்டர்.

"உங்க அதிர்ஷ்டத்துக்கு என் பிள்ளைங்கதான் தீனியா?"

குன்டருக்கு முகம் தொங்கிப்போயிற்று. அவரும் பிள்ளை பெற்றவர்தானே. கடைக்கு அடையாளமாக வாசலில் மாட்டியிருந்த உள்ளங்கை அளவுக் கேடயத்தை எடுத்து, அவள் முதுகில் வாரால் இறுக்கிக் கட்டினார்.

"பாரம்மா. இதோட உன்னால குதிக்க முடியாதே."

"குதிச்சு ஓடினது போதும்," என்றாள் வில்மா.

குளக்கரையில் நாரை இறங்கியது. வில்மா மகளைத் தன் வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு அப்படியே கவிழ்ந்தாள். டங்! நாரையின் அலகு நுனி உடைந்தது. மறுபடி கொத்தியது. டங்!

நாரை குரலைக் குழைத்தது. "கேடயத்தைக் கழற்றிடு வில்மா. இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன். சத்தியம்!"

"ஆறு பிள்ளைங்களைத் தின்ன வாயிலே சத்தியமா? கழற்றமாட்டேன், போடா!"

"குளிருக்குத் தெற்கே போறேன். வசந்தத்துல திரும்பி வருவேன், பார்த்துக்கோ."

"வா. அப்பவும் இப்படியேதான் இருப்பேன்."

அப்படியே இருந்தாள். உறங்கும்போதுகூடக் கழற்றவில்லை. கேடயம் முதுகோடு ஒட்டி வளர்ந்தது. கால்களுக்குக் குதிப்பு மறந்துபோயிற்று. அதற்காக அவள் ஒருநாளும் அழவில்லை. மறு வசந்தத்தில் அவளுக்குப் பிறந்த பிள்ளைகள் கேடயத்தோடே பிறந்தார்கள். அவர்கள் வரிசையாக ஊர்ந்து போனபோது, குன்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "வழிவிடுங்கப்பா, கேடயத் தேரை வர்றா!" என்றார்.

அன்று முதல்தான் ஜெர்மன்காரர்கள் ஆமையை ‘ஷில்ட்க்ரோட்டே’ என்கிறார்கள். ஷில்ட் என்றால் கேடயம், க்ரோட்டே என்றால் தேரை. தொட்டால் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்வதைப் பயம் என்றா நினைத்தீர்கள்? கழற்றமாட்டேன் என்கிறது.