தொண்டை கட்டிய அணில்

ஒரு காட்டுக் குளத்தங்கரையில் ஓர் இலுப்பை மரம். அதன் நடுக்கிளையில் கூடு கட்டி ஓர் அணில் வாழ்ந்து வந்தாள். பெயர் வெடுக்கி. பெயருக்கு ஏற்ற வாய்! யாராவது அவள் கிளையில் கால் வைத்தால் போதும், அக்கரை வரை கேட்கும்படி கத்தித் தீர்த்துவிடுவாள். கத்தி முடித்ததும் மறந்தும் போவாள்.

வெடுக்கிக்கு மூன்று குட்டிகள் பிறந்தன. இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. குட்டிகளுக்கு மெத்தை வேண்டுமே! நாலு நாள் மழையில் அலைந்து, வாய் நிறைய இலவம்பஞ்சு கொண்டு வந்து சேர்த்தாள். கடைசி நடை போய்த் திரும்பினால், பஞ்சைக் காணோம்!

எதிர்ப் பாறையில் கொண்டையன் உட்கார்ந்திருந்தான். குரங்குக் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். பஞ்சு முழுவதும் அவனுக்கு அடியில் இருந்தது.

“பாறை ஈரமா இருக்கு” என்றான் அவன், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

வெடுக்கி வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது! மழையில் நனைந்து தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது.

“என்ன வெடுக்கி, சத்தத்தையே காணோம்?” என்று கொண்டையன் பல்லை இளித்தான்.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல! கத்தினால் ஆறிப்போயிருக்கும். கத்த வழியில்லையே! விறுவிறுவென்று மரத்தடிக்கு இறங்கி, பட்டையில் நகத்தால் பறபறவென்று கீறினாள்.

“என் குட்டிகளுக்கு வைத்த பஞ்சின்மேல் கொண்டையன் உட்கார்ந்திருக்கிறான். குட்டிகள் குச்சியின்மேல் படுத்திருக்கின்றன.”

அணிலுக்கு எழுதத் தெரியுமா என்று யாரும் குறுக்கே கேட்கக் கூடாது. அணில் பேசும் என்று ஒத்துக்கொண்டுதானே இவ்வளவு தூரம் வந்தீர்கள்? எழுதும் என்றும் ஒத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் குடிக்க வந்த கிளி அதைப் பார்த்துச் சத்தம் போட்டுப் படித்தது. மான்கள் சிரித்தன. காட்டெருமைக்கு மூக்கு வழியாகத் தண்ணீர் வந்துவிட்டது. “அட, தலைவருக்கு மெத்தை கேக்குதாக்கும்!” என்றது அது.

மூன்று நாளில் வெடுக்கிக்குத் தொண்டை சரியாகிவிட்டது. குட்டிகளுக்கும் காய்ந்த புல்லை மெத்தென்று பரப்பிவிட்டாள். ஆனாலும் அவள் நகம் சும்மா இருக்கவில்லை. தவளையைக் கண்டால் பயந்து ஓடும் காட்டெருமையைப் பற்றி எழுதினாள். தன் ஓட்டுக்குள் தூங்கிவிட்டு, போக வேண்டிய இடத்தையே மறந்துபோன ஆமையைப் பற்றி எழுதினாள். தாகமே இல்லாதவர்கள்கூடக் குளத்தங்கரைக்கு வர ஆரம்பித்தார்கள். எல்லாரும் முதலில் படித்தது அந்தப் பஞ்சுச் சேதியைத்தான்.

கொண்டையனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு காலையில் மரத்தடிக்கு வந்து நின்றான்.

“ஏய் வெடுக்கி! இதையெல்லாம் அழி! என்னைப் பத்தி நல்லதா எழுது! இல்லேன்னா கிளையைப் பிடிச்சு ஒரே உலுக்கு. உன் கூடு குளத்துல மிதக்கும்!”

வெடுக்கி கூட்டைத் திரும்பிப் பார்த்தாள். கண் திறக்காத குட்டிகள் தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும்?

“எழுதிடறேன் அண்ணே! இப்பவே எழுதிடறேன்!”

பட்டையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகக் கீறினாள். “கொண்டையன் அழகன். கொண்டையன் வீரன். கொண்டையன் வள்ளல்.”

கொண்டையன் தலைமயிரைக் கோதிவிட்டுக்கொண்டு பாறையில் காத்திருந்தான். கிளி வந்தது. படித்தது. பாதியிலேயே கொட்டாவி விட்டது. மான்கள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயின.

“யாரு இது? பக்கத்துக் காட்டுல இன்னொரு கொண்டையன் இருக்கானோ?” என்று கேட்டது காட்டெருமை.

கொண்டையன் பாய்ந்து வந்தான். “உப்புச் சப்பில்லாம எழுதியிருக்கே! வேணும்னே செஞ்சே!”

“சத்தியமா இல்லேண்ணே! நீங்க நல்லது செஞ்சு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்காததை எப்படி எழுதறது?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது! மதியத்துக்குள்ள நல்லா எழுதணும். இல்லேன்னா கூடு இருக்காது!”

பாவம் வெடுக்கி, கிளியிடம் ஓடினாள். “கிளியக்கா, எழுத்து வரமாட்டேங்குது! என்ன பண்றது?”

“தாமரையையே பார்த்துக்கிட்டு உட்காரு. தானா வரும்” என்றது கிளி. அது தன் வாழ்நாளில் ஒரு வரி எழுதியதில்லை. யோசனை சொல்வதற்கு அது ஒரு தடையா என்ன!

வெடுக்கி தாமரையைப் பார்த்தாள். கழுத்து வலித்தது. “நாவற்பழம் தின்னு பாரு!” என்றது கிளி. தின்றாள். நாக்கு ஊதாவாகியது, அவ்வளவுதான். “தலைகீழாத் தொங்கிப் பாரு!” தொங்கினாள். தலை சுற்றியது. ஒரு வரியும் வரவில்லை. அதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் அண்ணாந்து பார்த்தாள். நடுக்கிளையில் கொண்டையன்! அவன் கை கூட்டுக்குள் இருந்தது!

“ஐயோ! என் குட்டிகள்!” என்று அலறிக்கொண்டே மரத்தில் ஏறினாள்.

“உஷ்!” என்றான் கொண்டையன். “கத்தாதே! இப்பத்தான் தூங்குது.”

வெடுக்கி எட்டிப் பார்த்தாள். கூட்டில் மூன்று குட்டிகளும் பத்திரமாக இருந்தன. கடைக்குட்டி கொண்டையனின் விரலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, அதன்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

“மதியம் வரைக்கும் பொறுக்க முடியல. பிய்ச்சு எறியலாம்னுதான் கையை விட்டேன்” என்று கிசுகிசுத்தான் அவன். “இது பிடிச்சுக்கிச்சு. விடவே மாட்டேங்குது.”

“எவ்வளவு நேரமா இப்படி இருக்கீங்க?”

“நீ தாமரையைப் பார்க்கப் போனதிலேருந்து.”

வெடுக்கிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. பயந்த பயம் போய்விட்டது. நகமெல்லாம் குறுகுறுத்தது. தடதடவென்று கீழே இறங்கிக் கீறினாள்.

“கூட்டைப் பிய்க்கக் கொண்டையன் வந்தான். கண் திறக்காத குட்டி ஒன்று அவன் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. அவன் இன்னும் கையை எடுக்கவில்லை.”

கிளி படித்தது. இந்தத் தடவை கொட்டாவி விடவில்லை. காட்டெருமை தண்ணீர் குடிக்க மறந்து நின்றது. மான்கள், முயல்கள், ஆமை எல்லாரும் ஒன்றாக அண்ணாந்து மேலே பார்த்தார்கள்.

“என்ன வேடிக்கை? போங்க, போங்க!” என்று கொண்டையன் மெல்லிய குரலில் விரட்டினான். அவன் முகம் வழக்கத்தைவிடச் சிவந்திருந்தது.

குட்டி புரண்டு படுத்தபிறகுதான் இறங்கினான். கிளியை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு முகத்தைச் சுளித்தான்.

“எல்லாம் சரி. என் கை மரத்துப்போனதை ஏன் விட்டுட்டே? தோள்பட்டை வரைக்கும் எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு!”

“அது எனக்கு எப்படிண்ணே தெரியும்? உங்க கையாச்சே!”

“அப்போ அதை யாரு எழுதறது?”

வெடுக்கி கொஞ்சம் நகர்ந்து, பட்டையில் இடம் விட்டாள்.

கொண்டையன் சுற்றும்முற்றும் பார்த்தான். ஒரு கூர்மையான கல்லை எடுத்தான். நாக்கைத் துருத்திக்கொண்டு, கோணல் மாணலாக, பொழுது சாயும் வரை உட்கார்ந்து இரண்டு வரி கீறினான்.

“என் கை மரத்துப்போச்சு. ஆனா எடுக்க மனசு வரல.”

மறுநாள் கிளி முதலில் படித்தது அந்த இரண்டு வரியைத்தான்.

மிரட்டினால் எழுத்து வராது. சொல்லாமல் இருக்க முடியாதபடி ஏதாவது ஒன்று மனசைத் தொட்டுவிட்டால், யாருக்கும் எழுத்து வரும்.