தொண்ணூற்று மூன்று கூழைக்கடாக்கள்

கேட்க வந்தவர்கள் அருகில் வாருங்கள். பயப்படுகிறவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊர்கள் தோன்றாத காலத்தில், நீர்முள்ளி ஏரியின் நடுத்திட்டில் ஒரு கூழைக்கடாக் கூட்டம் வாழ்ந்தது. அதன் தலைவர் பெருவாயர். கூட்டத்தை எண்ணுகிறவள் சிற்றலகி. அவள் அதிகம் பேசமாட்டாள். ஆனால் எண்ணினால் பிசகாது.

கூழைக்கடாக்கள் பிறைபோல வளைந்து நீந்தி மீன்களை ஓரத்துக்கு ஒதுக்கும். நடுவில் தலைவர். அவர் சிறகால் ஒரு தட்டுத் தட்டினால் எல்லாத் தலைகளும் ஒன்றாக நீருக்குள் போகும். தட்டும் முன் முதலை வருகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு.

பெருவாயரின் கண்களில் இரண்டு ஆண்டுகளாகப் படலம். முதலை வந்தால் அவருக்கு அது மிதக்கும் கட்டை. தட்டுவார். தலைகள் உள்ளே போகும். மேலே வரும்போது ஒரு தலை குறையும்.

மாலையில் அவர் "எத்தனை?" என்று கேட்பார். ஒவ்வொரு பறவையும் ஒருமுறை அலகைத் தட்டும். திரும்பாத பறவையைத் தலைவர் "போய் வா" என்று விடை சொல்லும்வரை, வழியில் இருப்பதாகவே சேர்த்து எண்ணுவது அந்தக் கூட்டத்தின் வழக்கம். கண் தெரியாதவர் யாருக்கு விடை சொல்வார்? அவரிடம் சொல்வாரும் இல்லை. ஆகவே தினமும் சிற்றலகி, "தொண்ணூற்று மூன்று" என்றாள்.

ஒரே ஒருவன் ஒருமுறை, "நாம குறைஞ்சுக்கிட்டே போறோம்னு அவர்கிட்ட சொல்லணும்" என்று வாய் திறந்தான். "அபசகுனம் பேசுறான்" என்று கூட்டமே அவனைக் கொத்தித் திட்டிலிருந்து விரட்டியது. ஆழமில்லாத நீரில் தனியே நின்றவனை அன்றே முதலை இழுத்தது. அவனும் கணக்கில் வழியில்தான் இருந்தான்.

ஆண்டுதோறும் மாசி முழுநிலவு நாளில் ஏரிப் பறவைகள் கூடி, காவல் கூழைக்கடாக்களுக்கா, நீர்க்காகங்களுக்கா என்று முடிவு செய்யும். ஒவ்வொரு பறவையும் தனக்கு வேண்டிய கூட்டத்தின் முன் ஒரு சுள்ளி போடும். பெரிய குவியலுக்கே காவலும் நடுத்திட்டும். தோற்றவர்கள் அன்றே வெளியேற வேண்டும். அந்த ஆண்டு சிற்றலகியின் கூட்டில் இரண்டு குஞ்சுகள். முழுநிலவு நாளுக்குப் பிறகும் அவை பறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது.

முழுநிலவுக்கு மூன்று நாள் முன்னால், கூட்டம் மரத்துக்குப் பின்னே கிசுகிசுத்தது.

"பெரியவரை இறக்கிட்டு உன்னை நிறுத்தணும்டா நெடுஞ்சிறகா. உன் கண்ணு கூர்மை."

"நிக்கிறேன். ஆனா அவர்கிட்ட யார் சொல்றது?"

"எனக்கென்ன ரெண்டு தலையா இருக்கு? நீயே சொல்லு."

பெருவாயர் அந்தப் பக்கம் வந்தார். "என்ன பேச்சு?"

"ஒண்ணுமில்லைங்க ஐயா. உங்க கண்ணு மாதிரி யாருக்கு வரும்னு பேசிக்கிட்டிருந்தோம்."

இரண்டு நாள் முன்னால், பிறையில் சிற்றலகிக்கு இடப்பக்கம் நீந்தியவள் தலையை உள்ளே விட்டவள் மேலே வரவில்லை. நீர் கொஞ்சம் சுழன்று அடங்கியது. மாலையில் பெருவாயர், "நாம தொண்ணூற்று மூணு, நீர்க்காகம் எண்பது. கொக்குங்க முப்பத்தொண்ணும் அந்தப் பக்கம் சாயாம இருந்தாப் போதும்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

முழுநிலவுக்கு முந்தின நாள் மாலை. "எத்தனை?"

அலகுகள் தட்டின. சிற்றலகி குஞ்சுகளைப் பார்த்தாள். நீரைப் பார்த்தாள். கட்டை ஒன்று மிதந்துகொண்டிருந்தது.

"அறுபத்து நாலுங்க ஐயா."

கொத்த எத்தனையோ அலகுகள் உயர்ந்தன. பெருவாயர் சிறகை விரித்துத் தடுத்தார். "மிச்சம் இருபத்தொன்பது?"

அவள் சொன்னாள். யார், எந்த நாள், பிறையில் எத்தனையாவது இடம். இருபத்தொன்பதையும் சொன்னாள். கரையில் கொக்குகள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

பெருவாயர், "கண்ணு மங்கினதை நான் ஒத்துக்கலை. அது என் தப்பு. உங்க வாய்க்கு என்ன வந்துது?" என்றார்.

உயர்ந்த அலகுகள் தாழ்ந்தன.

அவர் இருபத்தொன்பது முறை "போய் வா" என்றார். முடித்ததும், கூட்டத்தில் கூர்மையான கண்ணுள்ள நெடுஞ்சிறகனை நடுவே நிறுத்திவிட்டுத் தான் கடைசியில் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் சுள்ளிகள் விழுந்தன. கொக்குகளில் மூத்தது கூழைக்கடாக்களின் முன்னால் வந்து நின்றது. "செத்தவங்களை எண்ணத் தெரியாத கூட்டம் எங்களை எப்படிக் காக்கும்னு பயந்தோம். நேத்து எண்ணினீங்க" என்று சொல்லிச் சுள்ளியைப் போட்டது. இருபத்து நான்கு கொக்குகள் அதன் பின்னால் வந்தன. ஆறு கொக்குகள் நம்பவில்லை, அப்பால் போயின. சிற்றலகி இரண்டு குவியல்களையும் எண்ணினாள். இங்கே எண்பத்தொன்பது. அங்கே எண்பத்தாறு. மூன்றே சுள்ளியில் திட்டு தங்கியது.

பகலெல்லாம் கொண்டாட்டம். மாலையில் புதுத் தலைவன் முதல் முறையாக, "எத்தனை?" என்று கேட்டான்.

அலகுகள் தட்டின. சிற்றலகி எண்ணினாள். கடைசி இடத்திலிருந்து தட்டு வரவில்லை. பிறையில் பிறருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று பெருவாயர் மதியம் தனியே மீன் தேடிப் போயிருந்தார்.

நெடுஞ்சிறகன் அவள் பக்கம் குனிந்தான். "அறுபத்து நாலுன்னே சொல்லுக்கா. ஜெயிச்ச நாள். அவர் வந்துடுவார்."

கூட்டம் அவளையே பார்த்தது. அவள் நீரைப் பார்த்தாள். மேற்கு ஓரத்தில் சுழல் ஒன்று அடங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு வெள்ளை இறகு சுற்றியது.

நேற்றைவிட இன்று அவளுக்குப் பயம் அதிகம். நேற்று எதிரில் இருந்தவர் கண் தெரியாதவர். இன்று இருக்கிறவனுக்குக் கண் தெரியும், தெரிந்தும் கேட்கிறான்.

"அறுபத்து மூணு" என்றாள்.

நெடுஞ்சிறகன் அவளை முறைத்தான். பிறகு நீரைப் பார்த்தான். அவன் கழுத்து மெல்லத் தாழ்ந்தது.

"போய் வாங்க ஐயா" என்றான்.

தலைவரை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல அஞ்சுகிற கூட்டம் ஒவ்வொன்றாகக் குறைந்து அழியும்.