அறுநூற்றைம்பது வாட்ஸில் ஒரு வாத்து

“சத்தமே வராதுன்னு வேற கடையில சொன்னதாலதான் அந்த கம்ப்யூட்டர் கேபினெட்டை வாங்கினேன், தம்பி. வருதே.”

சொன்னவள் ஹெப்சிபா. தென்காசியில் குழந்தைகளின் காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பவள். வயது ஐம்பத்திரண்டு.

கடையில் எதிரே இருந்த பீர் மைதீனுக்கு முப்பதுகூட ஆகவில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரன். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல மாட்டான் என்று ஊரில் அவன்மேல் ஒரு குறை உண்டு. அவன் கையால் பூட்டிக் கொடுத்தது பழுதாகித் திரும்பி வராது என்றும் சொல்வார்கள்.

“அதைவிட அமைதியான கேபினெட் எது?” என்றாள்.

“அந்த கம்ப்யூட்டர் என்ன வேலை பார்க்குது மேடம்?”

“படம் காட்டும். பிள்ளைங்களுக்கு ஹெட்போன் மாட்டி உட்கார வைப்பேன். ‘டூ’ன்னு சத்தம் கேட்டா ஒரு கட்டையை எடுத்து டப்பாவுல போடணும். சரியாப் போட்டா திரையில வாத்து வரும்.”

“வாத்து.”

“யானையும் வரும்.”

அவன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டான்.

பரிசோதனை அறை சின்னது. கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் உள்ளே வராது. நடுவில் குழந்தைகளுக்கான சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்தில் ஒரு குட்டை ஸ்டூல்மேல் கம்ப்யூட்டர்.

“நீங்க எங்க உட்காருவீங்க?”

“கண்ணாடிக்கு வெளிய. உள்ள நின்னும் கேட்டுப் பார்த்தேன், லேசாத்தான் இருந்துச்சு. அதுக்கும் கேபினெட்டுக்குள்ள ஸ்பாஞ்ச் ஒட்டினேன். போன மாசம் இன்னொரு அடுக்கு ஒட்டினேன். என்னவோ, கூடிடுச்சு.”

அவன் சிவப்பு நாற்காலியைக் காட்டினான்.

“நானா?”

அவன் ஹெட்போனை எடுத்து அவளிடம் நீட்டினான்.

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரின் முதுகு அவள் காதுக்கு நேராக இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெளியே ‘டூ’ சத்தம் எழுப்பும் கருவியில் எந்த பட்டனை அழுத்துவது என்று அவனுக்குச் சொன்னாள். அவன் வெளியே போய்க் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

அவள் காத்திருந்தாள்.

“ஆரம்பிங்க தம்பி.”

“மூணு தடவை அழுத்திட்டேன்.”

அவள் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள். அவன் எழுந்து வந்து கம்ப்யூட்டரை அணைத்தான். திரும்பப் போய் அழுத்தினான். அவள் கை தானாக உயர்ந்தது.

கொஞ்ச நேரம் அவள் அந்தச் சின்ன நாற்காலியை விட்டு எழவில்லை.

அவன் கேபினெட்டைத் திறந்தான். ஸ்பாஞ்சை உரித்துத் தரையில் போட்டான். கம்ப்யூட்டரை மறுபடி ஓடவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“குறையுதே! எடுத்தா குறையுமா?”

“சத்தம் வெளிய வரக்கூடாதுன்னு ஒட்டினீங்க. சூடும் வெளிய வரல. சூடு ஏற ஏற ஃபேன் வேகமா சுத்தும்.”

“ஆனா இன்னும் கேட்குதே.”

அவன் உள்ளே தனி ஃபேனோடு சுற்றிக்கொண்டிருந்த பவர் சப்ளையைக் காட்டினான். அறுநூற்றைம்பது வாட்ஸ் என்று போட்டிருந்தது. பிறகு, எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று காட்டும் சின்ன மீட்டர் ஒன்றைச் சுவர் பிளக்கில் சொருகினான். அது ஐம்பதைக்கூடத் தொடவில்லை.

“பெரிசா வச்சா அலுங்காம ஓடும்னாங்க.”

“காலி பஸ்ஸும் டீசல் குடிக்கும் மேடம்.”

மறுநாள் காலையில் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தான். கனமான அலுமினியம், மேலெல்லாம் வரிவரியாக மேடு. கரண்டு கொடுக்க லேப்டாப்புக்கு இருப்பதுபோல ஓர் அடாப்டர். அவ்வளவுதான்.

ஹெப்சிபா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஃபேன் எங்க?”

“வாத்துக்குத் தேவைப்படல.”

“அப்ப சூடு?”

“தொட்டுப் பாருங்க.”

தொட்டாள். பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. சூட்டை அதன் உடம்பே வெளியே விட்டுக்கொண்டிருந்தது. மீட்டரில் பதினான்கு.

“ஓடுதா?”

திரையில் வாத்து நின்றது.

இந்த முறை அவன் காட்டாமலே சிவப்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவன் அழுத்தினான். முதல் சத்தத்துக்கே கை உயர்ந்தது. அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

“பழைய பெட்டி எப்ப வந்துச்சு மேடம்?”

“ஆடியில.”

“இப்ப?”

“மார்கழி.”

அவன் ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவள் அலமாரியைத் திறந்து குழந்தைகளின் ரிப்போர்ட்டுகளை எடுத்தாள். ஆடியிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ‘தாழ்ந்த ஒலிகள் சரியாகக் கேட்கவில்லை.’ அவள் கையெழுத்து. அடுத்ததிலும் அதுவே. அதற்கடுத்ததிலும். ஏழு பிள்ளைகளுக்குக் காதுக் கருவி மாட்டச் சொல்லியிருந்தாள்.

அந்த ஏழில் முதல் ரிப்போர்ட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். நான்கு வயது ரிஸ்வானாவின் அம்மா எடுத்தாள்.

“நான் சொன்னது தப்பா இருக்கலாம்மா. பிள்ளையை இன்னொரு தடவை கூட்டிட்டு வாங்க. எங்க ரூம்ல கம்ப்யூட்டர் சத்தம் இருந்திருக்கு. எனக்குத் தெரியாமப் போச்சு.”

மறுமுனையில் ரிஸ்வானாவின் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அவ அன்னைக்கே சொன்னா மேடம். பெட்டி இரையுதும்மா, ஒண்ணும் கேக்கலன்னு. உங்க முன்னாடி பேசக் கூடாதுன்னு நான்தான் அவ வாயைப் பொத்தினேன்.”