அடிப்பிடித்த கூழ்

கோமதிநாயகம் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். வயது நாற்பத்தைந்து. பதினாறு நாளாக வண்டியைத் தொடவில்லை. சாவியைத் திருகப் போனால் கை உதறுகிறது. திங்கட்கிழமையும் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால்தான் வந்தான். இல்லையென்றால் வந்திருக்க மாட்டான். மலையடிவாரத்து மடத்தை விட்டுப் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஒரு கடுதாசி கூடப் போட்டதில்லை.

அவனுடைய குரு இசக்கியம்மை முற்றத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“என்னல, இப்படி இளைச்சிட்ட.”

“தூக்கம் போச்சு அம்மை. சும்மா இருக்கும்போதே நெஞ்சு அடிக்கி. சைரன் சத்தம் காதுக்குள்ளயே கிடக்கு.”

“டாக்டரைப் பாத்தியா?”

“பாத்தேன். மாத்திரை குடுத்திருக்காரு.”

“அதை ஒழுங்காப் போடு. சாப்பாடு?”

சாப்பாடு எங்கே? ஸ்டியரிங் மேலே பொட்டலத்தை விரித்து வைத்துப் பரோட்டா. நடுவில் போன் வந்தால் சுருட்டி வீசிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். நாளைக்கு எட்டு டீ. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று பாதாம், வாழைப்பழம், கேழ்வரகு என ஒரு பட்டியல் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினான். அதையும் அதே சீட்டில், அதே அவசரத்தில் தின்றான்.

“வயிறு பரவால்ல. மனசு அப்படியேதான் இருக்கு. இங்க இருந்த மூணு வருஷமும் அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்குனேன். எல்லாம் அந்தக் கம்பங்கூழுதான். அதைக் குடுங்க. பக்குவத்தையும் சொல்லிருங்க, வீட்டுல காய்ச்சச் சொல்லுதேன்.”

அம்மை உள்ளே போனார். மண்சட்டியில் கூழும், உரித்த சின்ன வெங்காயமும், மோர் மிளகாயும் கொண்டுவந்து வைத்தார்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தான். எத்தனை நாள் வண்டிக்குள் உட்கார்ந்து இந்த ருசியை நினைத்திருக்கிறான். முகம் வாடிவிட்டது.

“இது அது இல்ல.”

“அதே கம்பு. அதே பானை.”

“இல்ல அம்மை. அதுல ஒரு வாசனை இருக்கும். அது இதுல இல்ல.”

“தீய்ஞ்ச வாடை.”

“என்னது?”

“அன்னைக்கு அடுப்படியில யாருல நின்னா?”

அவன்தான். வாரத்தில் நாலு நாள் அடிப்பிடிக்க விட்டவனும் அவன்தான். அது எப்படி மறந்துபோச்சு என்று தெரியவில்லை.

மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தீய்ந்த கூழைக் கொட்டக் கூடாது. கிண்டியவன் தலையிலும் கட்டக் கூடாது. பந்தியில் இருக்கிறவர்கள் எல்லாரும் பங்கு போட்டுத் தின்று தீர்க்க வேண்டும். முதல் தடவை தீய்ந்தபோது அவன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். கூடத் தங்கியிருந்த சுடலைமுத்துதான் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தான். “பரவால்லடே, கரிக்கு நடுவுல கொஞ்சம் கூழும் கிடக்கு” என்றான். பதினாலு பேரும் சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது சட்டியைக் கீழே வைத்தான்.

“போன மாசம் ஒரு புள்ளைய ஏத்திட்டுப் போனேன் அம்மை. ரயில்வே கேட் போட்டுட்டான். போய்ச் சேரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.”

அம்மை முறத்தை ஓரமாக வைத்தார்.

“வண்டியைக் கழுவுனேன். ஒரு பரோட்டா வாங்கி, கதவைச் சாத்திட்டு உக்காந்தேன். ஒரு வாய் கூட இறங்கல.”

“வீட்டுல சொன்னியா?”

“இல்ல.”

“கூட வேலை பாக்குறவங்ககிட்ட?”

“யார்கிட்டயும் சொல்லல. இப்பத்தான்.”

அம்மை எழுந்து போய்க் கூழ் கிண்டுகிற துடுப்பை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தார்.

“சாயங்காலக் கூழ் உன் பொறுப்பு.”

அவன் கையைத் தூக்கிக் காட்டினான். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன.

“இந்தக் கைய வச்சுக்கிட்டா? அடிப்பிடிச்சிரும் அம்மை.”

“பிடிக்கட்டும். திங்கதுக்கு நாங்க ஒம்பது பேர் இருக்கோம்.”