மேசைமேல் இருந்த ஒட்டுச்செடி

தாவரத் தோட்டத்து இயக்குநர் தணிகாசலம் ஒரு குத்துச்செடிக்குத் தம் பேரையே சூட்டித் தனிப் பேரினமாக்கியிருந்தார். டி.என்.ஏ. சோதனையோ, அது வேலியோரக் கொடியின் இனம்தான் என்றது.

"எனக்கு அப்பவே தெரியுங்க" என்று சொல்லித் தொலைத்தாள் தோட்டக்காரி செம்பாயி.

அவர் குதித்தார். "மெஷின் இல்லாம இப்பவே நிரூபி! இல்லேன்னா அந்தக் கொடியை வேரோட பிடுங்கிப் போட்டுட்டு நீயும் வீட்டுக்குப் போ!"

"பிடுங்கிடலாங்கய்யா" என்றவள், அவர் பேர்கொண்ட அந்தக் குத்துச்செடி நின்ற, அவர் ஆறு மாதமாகத் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சும் மேசைத் தொட்டியில் கை வைத்தாள்.

"ஏய், அது என் செடி!"

"மேல்பாதிதானுங்க உங்களுது. உங்க செடிக்கு வேர் அழுகிப்போச்சு. அந்தக் கொடியோட வேர்ல ஒட்டுக் கட்டினேன். சொந்தமில்லாட்டி ஒட்டுப் பிடிக்குமுங்களா? இப்பச் சொல்லுங்க, பிடுங்கட்டுமா?"

தணிகாசலம் தொட்டியை இறுகக் கட்டிக்கொண்டார்.