டப்பாவின் பின்பக்கத்துக்காரி

ஒரே ஒரு ஊரில் என்று ஆரம்பிக்கலாம், ஆனால் ஊர் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பொள்ளாச்சி. அங்கே குணவதி என்பவள் கைக்கும் முகத்துக்கும் பூசும் வெள்ளைக் கிரீம் ஒன்றைச் செய்து டப்பாவில் அடைத்து விற்று வந்தாள். அந்த டப்பாவுக்குள் ஒரு குடும்பம் கூட்டுக்குடித்தனம் நடத்தியது.

அளவில் பெரியவர் தண்ணீர். அடுத்தவர் தேங்காயெண்ணெய். இருவருக்கும் ஜென்மப் பகை. அவர்களைக் கைகோர்த்து விடுவது, எண்ணெயையும் நீரையும் கலக்க வைக்கும் மெழுகுக்காரனின் வேலை. கோர்த்த கை நழுவாமல் நடுவில் நின்று, கிரீமைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்தவள் சீட்டைல்.

சீட்டைல் வெள்ளை வெளேரென்று செதில் செதிலாக இருப்பாள். தேங்காயெண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த பெண் என்பதால் அவர்தான் அவளுக்கு அப்பா. உடம்பு முழுக்க அப்பா வீட்டுக் கொழுப்பு, நீளமான வால். தலை மட்டும் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும் தலை.

கடைசியாக ஒரே ஒரு துளி கற்றாழை. டப்பாவின் முன்பக்கத்தில் பச்சைப் பசேலென்று இருந்த படம் அவளுடையது. அந்தப் படத்தைப் பற்றிப் பேசாமல் அவளுக்கு ஒரு நாளும் விடியாது.

வம்பு வந்தது சீட்டைலின் தலையால்தான். அலமாரியில் ஸ்பிரிட் என்று ஒருவன் குடியிருந்தான். டப்பாவையும் கரண்டியையும் துடைக்க குணவதி வாங்கி வைத்தவன். அவனுக்கும் அதே தலை. ஆனால் வால் ரொம்பக் குட்டை. அதனால் ஓரிடத்தில் உட்காரமாட்டான். தொட்ட இடத்து ஈரத்தையும் எண்ணெய்ப் பசையையும் கலைத்துவிட்டு, அடுத்த நிமிடம் காற்றோடு போய்விடுவான். தலை ஒன்றாக இருக்கிறதே என்று இருவருக்கும் ஒரே குடும்பப் பெயரை வைத்துவிட்டார்கள் படித்தவர்கள். ஆல்கஹால். வாலை யாரும் பார்க்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை அழகு நிலையம் நடத்தும் வசுந்தரா டப்பாவும் கையுமாக வந்தாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பின்பக்கத்தைப் படித்தவள் விரலை ஓரிடத்தில் ஊன்றினாள்.

"மூணாவதா ஆல்கஹால்னு போட்டிருக்குதுங்க. தோலு காஞ்சு கருவாடாப் போயிருமுங்க. இதை எடுத்துப்போட்டுச் செஞ்சு குடுங்க, ஐந்நூறு டப்பா நான் எடுத்துக்கறேன்."

இது அந்த ஆல்கஹால் இல்லை, தோலைக் காயவிடாமல் காக்கிற கொழுப்பு வகை, எங்கோ ஒருத்தருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாமே தவிர எல்லாருக்கும் நல்லதுதான் என்று குணவதி எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். வசுந்தரா கேட்கிற ஆளா? வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஐந்நூறு டப்பாவை விட்டுவிட மனசில்லாமல், சீட்டைலை எடுத்துவிட்டே செய்து பார்ப்பதென்று குணவதி முடிவு செய்தாள்.

டப்பாவுக்குள் அன்று பஞ்சாயத்து. தண்ணீர் தனக்கு எல்லாரும் ஒன்றுதான் என்று நழுவினார். கற்றாழை, ஆரம்பத்திலிருந்தே தனக்கு ஒரு சந்தேகம் இருந்ததாகச் சொன்னாள். ஒரு துளிக்கு அத்தனை வாய். சீட்டைல் எண்ணெயைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பேரு அப்படி இருக்குது அம்மிணி. நான் என்னத்தைச் சொல்றது."

மற்றவர்கள் சொன்னதெல்லாம் அவளுக்கு உறைக்கவில்லை. அப்பா சொன்னதுதான் உறைத்தது. இனி இந்த வீட்டில் தனக்கு இடமில்லை என்று புரிந்து, ஒரு பாலிதீன் பைக்குள் சுருண்டு அலமாரிக்குப் போனாள்.

பக்கத்தில் ஸ்பிரிட். அவனுக்கு மட்டும் ஒரே குஷி.

"ஏம் புள்ள, என்ற பேரால உனக்குக் கெட்ட பேராமா?"

சீட்டைல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் புதன்கிழமை அவளாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. குணவதி ஐந்நூறு டப்பாக்களையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டுப் பளபளவென்று துடைத்தாள். துடைத்த சூட்டோடு முன்பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டினாள். 'ஆல்கஹால் அறவே இல்லை.'

"என்னையத் தொட்டுத் துடைச்சு, என்ற முதுகு மேலயே ஒட்டறாங்க பாரு," என்றபடி ஸ்பிரிட் காற்றில் கரைந்தான்.

வியாழக்கிழமை காலையில் குணவதி அண்டாவின் மூடியைத் திறந்தாள். சீட்டைல் இல்லாமல் செய்து வைத்த கிரீம் இரண்டுபட்டுக் கிடந்தது. எண்ணெய் மேலே ஏறிக் காலை நீட்டியிருந்தார். தண்ணீர் கீழே உர்ரென்று இருந்தார். மெழுகுக்காரன் ஒற்றை ஆளாக இழுத்துப் பார்த்து ஓய்ந்துபோயிருந்தான். கற்றாழை எங்கே என்று தேடினாலும் அகப்படவில்லை. அடியில் தண்ணீரோடு தண்ணீராகப் போயிருந்தாள்.

"உங்க மகளைக் கூப்பிடுங்க," என்று கீழேயிருந்து தண்ணீர் இரைந்தார்.

எண்ணெய் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். வெட்கமாக இருந்தது அவருக்கு.

குணவதி தலையில் அடித்துக்கொண்டு, பாலிதீன் பையைப் பிரித்தாள். எண்ணெயைச் சூடாக்கி அதில் சீட்டைலைப் போட்டாள். அப்பாவின் சூட்டில் அவள் மெல்ல உருகினாள். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. எண்ணெய் மட்டும், "வந்துட்டியா" என்றார். அது போதுமா என்றால் போதாது. ஆனாலும் அவள் இரண்டு பக்கத்தையும் பழையபடி பிடித்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் கிரீம் திரண்டு நின்றது.

டப்பாவின் பின்பக்கத்துப் பழைய பட்டியலைக் குணவதி மாற்றியிருக்கவே இல்லை. இப்போது அது மறுபடியும் உண்மையாகிவிட்டது. முன்பக்கத்து ஸ்டிக்கரை ஐந்நூறு தடவை உரிக்க அவளுக்கு நேரமில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். ஆக, முன்பக்கத்தில் சீட்டைல் அறவே இல்லை. பின்பக்கத்தில் மூன்றாவது ஆளாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை வசுந்தரா வந்தாள். ஸ்டிக்கரைப் படித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. மனசுக்குப் பிடித்ததை முன்பக்கத்திலேயே படித்துவிட்டவள் டப்பாவை எதற்குத் திருப்பப் போகிறாள்? ஒரு விரல் கிரீமை எடுத்துப் புறங்கையில் தேய்த்தாள்.

"பாத்தீங்களா குணவதி? அந்தச் சனியனை எடுத்ததும் கை எப்படிப் பூவாட்டம் ஆயிருச்சு."

குணவதி மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சனியன் அப்போது வசுந்தராவின் சுண்டுவிரலுக்குக் கீழே, காய்ந்து வெடித்திருந்த ஓரிடத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டால் என்ன என்றுகூட நினைத்தாள். ஆனால் காயப்போட்டுவிட்டுப் போவதெல்லாம் ஸ்பிரிட் அண்ணனுக்குக் கைவந்த வேலை. இவளுக்கு வராது.